கிளி எடுத்த சீட்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இனப்பாகுபாடு தனிமனிதர் வெறுப்பில் மட்டுமில்லை, சட்டத்திலும் அமைப்புகளிலும் ஊறியிருக்குன்னு சொல்ற அமெரிக்கக் கோட்பாடு கிரிட்டிக்கல் ரேஸ் தியரி. அது பிறந்தது நீதிமன்றத்திலா, கற்பனையிலா? நீதிமன்றத்தில்தான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை. 1964-க்கு முன்னால் கறுப்பினப் பெண்களை எடுக்கவே இல்லை என்று எழுதுகிறார் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா. அப்புறம் எடுத்தாங்க. பொருளாதார மந்தம் வந்தது. “கடைசியா வந்தவங்க முதல்ல போங்க!” 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போச்சு. ஐயா, பந்தி முடியும்வரை வாசலில் நிறுத்திவெச்சுட்டு, லேட்டா வந்தவங்களுக்குப் பாயசம் இல்லைன்னா எப்படி?

ஐந்து பெண்கள் வழக்குப் போட்டாங்க. 1976-ல் தீர்ப்பு. நீதிமன்றம் என்ன சொன்னது? பெண் என்பதாலா நீக்கினாங்க? கம்பெனி பெண்களை எடுத்திருக்கே! (எடுத்திருக்கு, வெள்ளைக்காரப் பெண்களை.) கறுப்பர் என்பதாலா? அதே கம்பெனி மேல இனப்பாகுபாட்டு வழக்கு ஒண்ணு நடக்குது, அதில் போய்ச் சேருங்க! ரெண்டும் சேர்ந்து அடிச்சதுங்க என்றால், அப்படிப் பாதுகாக்க வேண்டிய தனிப்பிரிவினரே சட்டத்தில் இல்லை! மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடின்னு ஊரே ஒத்துக்கும். இங்கே, எந்தப் பக்கம் வலிக்குதுன்னு ஒண்ணை மட்டும் சொல்லுன்னாங்க. இதைத்தான் கிரென்ஷா 1989-ல் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவின் மேடிசன் நகரில் கூடிய பட்டறைக்குத்தான் கிரிட்டிக்கல் ரேஸ் தியரிங்கிற பெயரே வெச்சாங்க.

எதிரணித் தம்பி சொன்னார், இது கிளி ஜோசியமாம். எந்தச் சீட்டு வந்தாலும் ஒரே பலனாம். வெள்ளையருக்கும் லாபம் இருந்தால்தான் கறுப்பருக்கு நீதி கிடைக்கும்னு 1980-ல் இந்தக் கோட்பாட்டின் முன்னோடி, சட்டப் பேராசிரியர் டெரிக் பெல் எழுதினாரே, அதைச் சொல்றார். லாபம் தெரிஞ்சா “பாத்தியா”, தெரியலைன்னா “ஒளிஞ்சிருக்கு”! தம்பி, கைதட்டல் உங்களுக்கே. கோட்பாட்டின் எல்லை அங்கேதான் இருக்கு. எதனால் பொய்யாகும்னு அது சொல்லாது. எழுதுபவரின் நிறம் வாதத்துக்குச் சான்றாகாதுன்னு சட்டப் பேராசிரியர் ராண்டல் கென்னடியும் 1989-லேயே கண்டிச்சார். அவரும் கறுப்பர்தான்.

ஆனா கிளி எடுத்த ஒரு சீட்டைப் பிரிச்சுப் பாருங்க. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதுன்னு தீர்ப்பான பிரவுன் வழக்கு. 1952 டிசம்பரில் அமெரிக்க அரசே உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது: இனப்பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரசாரத்துக்குத் தீனி போடுது! 1988-ல் சட்ட வரலாற்றாசிரியர் மேரி டுட்ஸியாக் இதையெல்லாம் தோண்டி எடுத்து எழுதினார். தனக்கு என்ன லாபம்னு அரசே சொல்லுது. கிளியா இது? அரசாங்க முத்திரை போட்ட கிளி!

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஒரே நிமிஷம். அந்த ஐந்து வீட்டில் ஒரு வீட்டிலாவது பிள்ளை கேட்டிருக்காதா? “அம்மா, உன்னை ஏம்மா நிறுத்தினாங்க? கறுப்புங்கிறதாலயா, பொம்பளைங்கிறதாலயா?”

அந்தத் தாய் என்ன சொல்லியிருப்பாள், நடுவர் அவர்களே?