மலைமேல் காற்றாலை: இடத்தை முடிவு செய்யுமுன்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். காற்றிலிருந்து மின்சாரம் என்றதும் நம்மில் பலருக்கு மன்னார்த் தீவின் தம்பபவனி காற்றாலைதான் நினைவுக்கு வரும். இலங்கை மின்சார சபை அமைத்த அந்தப் பண்ணை 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் வலுக்கொண்ட 30 சுழலிகள், மொத்தம் 103.5 மெகாவாட். அது சமதரை, கடற்கரை. மேடு பள்ளமான நாட்டுப்புறத்தில், குன்றுகளுக்கிடையே குளமும் வயலும் காடும் கலந்து கிடக்கும் நமது திருகோணமலை மாவட்டம் போன்ற இடங்களில் காற்றாலை அமைப்பதென்றால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள். காற்றாலை வேண்டும் என்ற பக்கத்தில் நிற்பவன் நான். எனினும், எங்கே நிறுத்துவது என்பதை நிதானமாக முடிவு செய்யாவிட்டால் நல்ல திட்டமும் ஊருக்குப் பகையாகிவிடும் என்ற கவலை எனக்குண்டு.

முதலில் காற்றைப் பார்ப்போம். காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள வலு எட்டு மடங்காகிறது. ஓர் இடத்தில் வினாடிக்கு 6 மீற்றர், பக்கத்து முகட்டில் 7 மீற்றர் என்றால், அந்தச் சிறு வித்தியாசமே ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் வலுவைக் குறிக்கும். ஆகவே அளவீட்டில் நேரும் சிறு பிழையும் வருமானக் கணக்கைக் குலைத்துவிடும். 2003 இல் அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடம் வெளியிட்ட இலங்கைக் காற்றுவள வரைபடம் வடமேற்குக் கரையையும் மத்திய மலைநாட்டையும் சிறந்த இடங்களாகக் காட்டியது. ஆனால் எந்த நாட்டு வரைபடத்தாலும் ஒரு குன்றின் மடிப்புக்குள் காற்று என்ன செய்கிறது என்பதைக் காட்ட முடியாது. சரிவு மெதுவாக ஏறி உருண்டு இறங்கும் முகட்டில் காற்று நெருக்குண்டு வேகம் பெறும். செங்குத்தான பாறை விளிம்பிலோ அது தரையை விட்டுப் பிரிந்து சுழிக்கும். அந்தச் சுழிப்பில் நிற்கும் சுழலியின் இறக்கைகளும் பற்சக்கரப் பெட்டியும் விரைவில் களைத்துப்போகும். உயரமான மலையெல்லாம் நல்ல மலையல்ல என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1,800 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. வலுவும் அதே அளவுக்குக் குறையும்.

இதனால்தான் அளவைக் கோபுரம் ஒன்றை நட்டு, பல உயரங்களில் வேகத்தையும் திசையையும் குறைந்தது ஓராண்டு முழுவதும் பதிய வேண்டும் என்கிறார்கள். நமக்கு இது இன்னும் அவசியம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரண்டு வீசும் கச்சானும், மார்கழியில் கடலிலிருந்து வரும் வாடையும் ஒரே குன்றை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து தாக்குகின்றன. கச்சான் காலத்தை மட்டும் அளந்து போட்ட கணக்கு வாடைக்கு உதவாது. புயலையும் மறக்கக் கூடாது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவி நமது மாவட்டத்தின் வடகரையில்தான் கரை கடந்தது. எந்த வேகத்தைத் தாங்கும் சுழலி என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து, பலரும் இரண்டாம்பட்சமாக நினைக்கும் பாதை. என் கணிப்பில், மலையில் அமையும் காற்றாலையின் மிகப் பெரிய பாதிப்பு கோபுரத்தால் வருவதல்ல, பாதையால் வருவது. மன்னாரில் நிற்கும் சுழலியின் இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். அதன் ஓர் இறக்கை மட்டும் 60 மீற்றருக்கு மேல் நீளம். அதை ஒரே துண்டாகத்தான் ஏற்றி வர வேண்டும். நமக்கு ஆழமான துறைமுகம் இருப்பது பெரும் வசதி. ஆனால் துறைமுகத்திலிருந்து குன்றின் அடிவாரம் வரையுள்ள ஒவ்வொரு வளைவும், அதற்குமேல் புதிதாக வெட்டப்படும் ஒவ்வொரு சரிவும் அந்த நீளத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். பாரந்தூக்கி நிற்க முகட்டில் சமதரை வேண்டும்; அடித்தளத்துக்கு நூற்றுக்கணக்கான கன மீற்றர் கொங்கிறீற் வேண்டும். இவற்றுக்காக மண்ணை வெட்டிச் சரிவில் தள்ளிவிட்டால், அடுத்த மாரியில் அது எங்கே போகும்? கீழே இருக்கும் குளத்துக்குத்தான். நமது கிராமக் குளங்கள் பல இந்தக் குன்றுகளின் நீரேந்து பகுதியை நம்பியிருப்பவை. வண்டல் படிந்து குளத்தின் கொள்ளளவு குறைந்தால், துருசு திறக்கும் நாள் குறையும், சிறுபோகம் கைவிட்டுப் போகும். பாதை வெட்டுமுன் வடிகாலும் மண் தடுப்பும் கட்டப்பட்டாக வேண்டும். மழைக் காலத்தில் மண் வேலை நிறுத்தப்பட வேண்டும். செலவு கூடினாலும் பரவாயில்லை, கூடியமட்டும் பழைய வண்டிப் பாதைகளையே அகலப்படுத்த வேண்டும்.

பாதை திறந்தபின் காட்டுக்குள் யார் யார் போவார்கள் என்பதும் கேள்விதான். யானைகள் நடமாடும் தடம், மாட்டுப் பட்டிகள் மேயும் தரை, தொல்பொருள் சின்னங்கள் உள்ள குன்று என்பன வரைபடத்தில் முதலிலேயே குறிக்கப்பட வேண்டியவை. இவற்றை அலுவலகத்தில் இருந்துகொண்டு அறிய முடியாது. மாடு மேய்ப்பவரையும், தேன் எடுக்கப் போகிறவரையும், குளத்தின் விவசாய அமைப்பையும் கேட்டுத்தான் அறிய முடியும். காணிப் பிரச்சினையால் நெடுங்காலம் அலைக்கழிந்த மக்கள் வாழும் மாவட்டம் இது. அரச காணிதானே என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்கினால், அங்கே தலைமுறையாக மாடு மேய்த்தவருக்கு அது இன்னொரு இழப்பு.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டங்களில், அந்த அறிக்கையைப் பார்வையிட்டுக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்குச் சட்டம் 30 நாள் தருகிறது. அறிக்கை வந்தால் பிரதேச செயலகத்தில் கேட்டு வாங்குங்கள். மிக அருகிலுள்ள வீட்டுக்கும் சுழலிக்கும் இடையே எத்தனை மீற்றர், இரவில் அந்த வீட்டு வாசலில் இரைச்சல் எவ்வளவு, மாலை வெயிலில் இறக்கையின் நிழல் எந்த முற்றத்தில் விழும், மின்கம்பி எந்த வயலைக் கடந்து உப மின்நிலையத்தை அடையும் என்று பாருங்கள். கடைசிப் பக்கங்களில் இன்னொன்றையும் தேடுங்கள். சுழலியின் ஆயுள் ஏறத்தாழ 20 முதல் 25 ஆண்டு. அதன்பின் கண்ணாடியிழை இறக்கைகளை மலையிலிருந்து இறக்கி அகற்றும் செலவை யார் ஏற்பார், அதற்கான பணம் இப்போதே வைப்பிலிடப்பட்டுள்ளதா என்பது எழுதப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால், உங்கள் கருத்துக் கடிதத்தின் முதல் வரியாக அதையே எழுதுங்கள். நன்றி, வணக்கம்.