நூலைப் போலச் சேலை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, விழாவைத் தொடங்கிவைத்த மருத்துவர் அம்மா அவர்களே, என்னைத் தகுதிக்கு மேல் புகழ்ந்துவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பின்னால் இடமில்லாமல் நிற்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த அரங்கைக் கட்டணமின்றித் தந்த நூலகக் குழுவினருக்குத் தனியாக ஒரு நன்றி. அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, பிறகு கேட்கிறேன்.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள். குடிப்பவர் வீட்டுப் பிள்ளையிடம் ஊர் இதைத் தீர்ப்பைப் போலச் சொல்லும். என்னிடமும் சொன்னார்கள். குடி எப்படித் தலைமுறை தாண்டுகிறது, எழுத்து எப்படி மருந்தாகிறது, மன்னிப்பு என்பது என்ன என்று மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். முதலில் ஒரு நிகழ்ச்சி.

சிறுவயதில் படிக்கட்டில் கேட்கும் செருப்போசையை வைத்தே அப்பா எப்படி வருகிறார் என்று சொல்லிவிடுவேன். சீராகக் கேட்டால் தெளிவாக வருகிறார். ஓசை நடுவில் நின்று, பிறகு இழுபட்டால், விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்வேன். தூங்குகிற பிள்ளையை அவர் எழுப்பி அடிக்க மாட்டார். ஆனால் தூங்குவதுபோல் நடிப்பது எளிதல்ல. மூச்சைச் சீராக விடலாம், கையைத் தளரவிடலாம், இமையை மட்டும் அடக்க முடியாது. அது துடிக்கும்.

34 வயதில் ஓர் இரவு நான் அப்படிப் படியேறி வந்தேன். 7 வயது மகள் படுத்திருந்தாள். போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். அவள் இமை துடித்தது.

பிள்ளையின் மேல் ஒரு நாளும் கைநீட்டியதில்லை என்று பெருமையாக நினைத்திருந்தவன் நான். கூடத்தில் உட்கார்ந்து, அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘இமை துடித்தது’ என்று எழுதினேன். காலையில் பார்த்தபோது எழுத்து கோணல்மாணலாக இருந்தது; அழிக்க மனம் வரவில்லை. கீழே என் இமையைப் பற்றி எழுதினேன். பிறகு அப்பாவைப் பற்றி. எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: தாத்தாவும் குடித்தவர், அப்படியானால் அப்பா எங்கே ஒளிந்திருப்பார்? போய்க் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், “கட்டிலுக்கு அடியில்” என்றார். அதையும் அதே நோட்டில் எழுதிவைத்தேன்.

நூலைப் போலச் சேலைதான். ஆனால் ஓரத்து இழையைப் பற்றி இழுத்தால் நெய்த சேலையிலிருந்தும் நூல் கையோடு வரும்.

குடிக்கு அடிமையாவதில் பரம்பரையின் பங்கு ஏறக்குறையப் பாதி என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். மீதியில் வீட்டுக்கும் சூழலுக்கும் இடமிருக்கிறது. 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம்மை உலுக்கிய நிகழ்வைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதினார்கள். நடந்ததையும் அப்போது பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்க 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு சொல்லும் பன்னிரண்டு படிகளில் நான்காவதும் தன்னைப் பற்றிய அச்சமற்ற கணக்கெடுப்புதான். பெரும்பாலோர் அதை எழுதியே செய்கிறார்கள். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நோட்டை எடுக்க வேண்டும். நானும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் குடியை நிறுத்தினேன்.

மன்னிப்பைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் அவர்களின் உரைக்கு நீங்கள் காத்திருக்கிறீர்கள். நூலகக் குழுவினரிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நூலைப் போலச் சேலை என்றால் நூலகத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், எழுதுவதற்கென்று ஓர் அறை தாருங்கள். எழுதியதை யாரும் வாங்கிப் படிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. பூட்டுள்ள அலமாரி ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டில் நோட்டை ஒளித்துவைக்க இடமில்லாதவர்கள்தான் முதலில் வருவார்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பக்கத்தில் பேனாவும் இருக்கிறது. பெயரை எழுதத் தயங்குகிறவர்கள் முதலெழுத்தை மட்டும் போட்டால் போதும்.