தங்கமா, மாட்டு மருந்தா? கம்ப்யூட்டர் ஏமாறும் இடம்!

[திரையில்: வரைபடம், நடுவே ஒரு சிவப்புப் புள்ளி]

வணக்கம் மக்களே! இந்தச் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். மண் மாதிரிகளை அலசிய மென்பொருள், "இங்கே தோண்டு, தங்கம் இருக்கலாம்" என்கிறது. தோண்டினால்? மாட்டு உண்ணிக்குப் போட்ட பழைய மருந்துதான் கிடைக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். துளை போடச் செலவு அதிகம். அதனால் கனிமம் தேடுகிறவர்கள் முதலில் செயற்கைக்கோள் படம் பார்ப்பார்கள், விமானத்திலிருந்து காந்தப்புலம் அளப்பார்கள், அப்புறம் மண் எடுப்பார்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போகும். அவ்வளவுதான்.

இனிமேல்தான் சுவாரசியம். மண்ணில் தங்கம் மிகக் கொஞ்சமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கும். ஒரு பிடியில் சிக்கும், பக்கத்துப் பிடியில் சிக்காது. அதனால் பல இடங்களில் அதோடு சேர்ந்தே வரும் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமத்தைத் தேடுவார்கள். அது அகலமாகப் படர்ந்திருக்கும். ஆள் கண்ணில் படாவிட்டாலும் பூசிய செண்டு காட்டிக்கொடுக்குமே, அந்தக் கதைதான்.

சரி, ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மாட்டு உண்ணியைக் கொல்ல எதைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? அதே ஆர்சனிக்! மருந்து கலந்த நீளமான தொட்டியில் மாட்டை இறக்கி, நீந்தவிட்டு, மறுபக்கம் ஏற்றுவார்கள். உடம்பிலிருந்து வடிந்ததெல்லாம் சுற்றியுள்ள மண்ணுக்குள் போனது. ஆர்சனிக் மக்கிப்போகிற சரக்கு இல்லை. தொட்டி இடிந்து, மேலே புல் முளைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கில் இப்படிப்பட்ட நிலங்கள் இன்றைக்கும் தலைவலிதான்.

பாறையிலிருந்து வந்த ஆர்சனிக்கா, மாட்டு முதுகிலிருந்து வடிந்ததா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? தங்கத்தோடு சேர்ந்து வரும் ஆன்டிமனி போன்ற வேறு தனிமங்களும் சேர்ந்து உயர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். ஆனால் அங்கே மாடு மேய்த்த பெரியவர், "தொட்டி அந்த மரத்தடியில்தானே இருந்தது" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது! துத்தநாகம் பூசிய வேலியும் தகரக் கூரையும்கூட இதே சேட்டையைச் செய்யும். மழையில் கரைந்து இறங்கி, இல்லாத துத்தநாகச் சுரங்கத்தை வரைபடத்தில் காட்டிவிடும்.

என்னைக் கேட்டால், மண் மாதிரிப் படிவத்தில் "இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, யார் சொன்னார்கள்?" என்றொரு கட்டம் கட்டாயம் வேண்டும். அதுவும் தரவுதான்.

அந்த மண்ணின் மக்கள் சொல்வதைக் கேட்பதில், அவர்களிடம் அனுமதி கேட்பதும் சேரும். 2020இல் ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்துபோன தடம் இருந்த பாறைக் குகைகளை இரும்புத் தாதுக்காக ரியோ டின்டோ நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தது. அங்கே தகவலுக்குப் பஞ்சமே இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பழங்குடியினர் சொன்னதைக் காதில் வாங்கத்தான் ஆள் இல்லை.

பின்லாந்தில் வேறு மாதிரி. ஊர்க்காரர்கள் வித்தியாசமான கல்லைப் பார்த்தால் நாட்டின் புவியியல் ஆய்வு மையத்துக்கு அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நல்ல கல்லுக்குப் பரிசும் கொடுத்திருக்கிறார்கள். 1960களில் கந்தகத் தாதுக் கல்லை மோப்பம் பிடிக்க நாய்களையே பழக்கினார்கள்! அந்த நாய்களுக்குத் தனி வீடியோ போடலாமா? கமென்டில் சொல்லுங்கள்.