கலைவதும் ஒரு கலை: ஃபிளாஷ் மாப் எப்படி நடக்கிறது?

[திரை: பெரிய ரயில் நிலையக் கூடம், மேலிருந்து. ஆட்கள் விறுவிறுவென நடக்கிறார்கள். சட்டென்று பலர் சிலையாகிறார்கள்.]

நியூயார்க்கில் உள்ள கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம். கையிலிருந்து சிதறிய காகிதங்களைப் பொறுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நிற்கிறார். இன்னொருவர் வாய்க்குக் கொண்டுபோன கரண்டி பாதி வழியில் நிற்கிறது. இப்படி 200 பேருக்கு மேல். ஒருவரும் அசையவில்லை. நிலையத்துக்குள் சிறிய வண்டி ஓட்டி வந்த ஊழியர் நகர வழியில்லாமல் வாக்கி டாக்கியில் உதவி கேட்கிறார். ஐந்து நிமிடம் ஆனதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அசைந்து, எதுவுமே நடக்காததுபோல் அவரவர் வழியில் போய்விடுகிறார்கள்.

எதற்காக? சும்மா.

இதை நடத்தியது 'இம்ப்ராவ் எவ்ரிவேர்' என்ற குழு. வீடியோ இணையத்துக்கு வந்தது 2008-இல். உலகமே இதை ஃபிளாஷ் மாப், அதாவது திடீரென்று கூடி, எதையோ செய்துவிட்டுச் சட்டென்று கலையும் கூட்டம், என்று கொண்டாடியது. ஆனால் குழுவின் நிறுவனர் சார்லி டாட் அந்தப் பெயரை ஏற்பதில்லை. அவர்கள் தொடங்கியது 2001-இல்; அந்தச் சொல் அப்போது பிறக்கவே இல்லை. அவர் சொல்வதும் நியாயம்தான். இருந்தாலும் ஊர் வைத்த பெயரை யார் மாற்ற முடியும்?

சரி, ஃபிளாஷ் மாப் எங்கே தொடங்கியது?

[திரை: பழைய கணினி. மின்னஞ்சல் பெட்டியில் ஒரு புதிய கடிதம்.]

2003. பில் வாசிக் 'ஹார்ப்பர்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்தார். பெயரில்லாத ஒரு முகவரியிலிருந்து தனக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டார். பிறகு, "எனக்கு இப்படி ஒன்று வந்திருக்கிறதே" என்ற பாவனையில் நண்பர்களுக்குத் தள்ளிவிட்டார். காரணமே சொல்ல முடியாத ஒரு கூட்டத்தைப் பத்து நிமிடத்துக்கு உருவாக்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள். அவ்வளவுதான் விஷயம்.

முதல் முயற்சி படுதோல்வி. கூட வேண்டிய கடைக்கு முன்பே தகவல் போய்விட்டது. ஆட்கள் வந்தபோது வாசலில் போலீஸ் காத்திருந்தது.

இரண்டாவது தடவை வாசிக் இடத்தையே சொல்லவில்லை. ஜூன் 17 அன்று உங்கள் கைக்கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த மாதத்தைப் பொறுத்து இந்த நான்கு மதுக்கூடங்களில் ஒன்றில் போய் உட்காருங்கள். அங்கே கைக்கு ஒரு துண்டுச்சீட்டு வந்தது. அதில்தான் இடம் இருந்தது: மேசிஸ் பல்பொருள் அங்காடி, ஒன்பதாவது மாடி, கம்பளப் பிரிவு. நூறு பேருக்கு மேல் ஒரே ஒரு கம்பளத்தைச் சுற்றி நின்றார்கள். விற்பனையாளர் கேட்டால் என்ன சொல்வது என்பதும் சீட்டிலேயே இருந்தது: நாங்கள் எல்லோரும் ஒரே கிடங்கில் சேர்ந்து வாழ்கிறோம், எதை வாங்கினாலும் கூடிப் பேசித்தான் வாங்குவோம். பத்து நிமிடம். பிறகு அந்த இடம் காலி.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கம்பளக் கதையை விட அந்தப் பத்து நிமிடம்தான். என்ன நடக்கிறது என்று கடைக்காரர் புரிந்துகொண்டு மேலதிகாரியைக் கூப்பிட்டு, அவர் போலீசைக் கூப்பிட்டு, போலீஸ் வந்து சேர்வதற்குள் கூட்டம் இருக்காது. ஆட்களை எப்படிக் கூட்டுவது என்பதில் பாதி மூளையும், எப்படி அனுப்புவது என்பதில் மீதி மூளையும் செலவாகியிருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை மறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று போகப் போகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டால் ஆட்கள் ஏன் போகிறார்கள்?

[திரை: நடைபாதை. ஒருவர் அண்ணாந்து பார்க்கிறார். பிறகு ஐந்து பேர். பிறகு பதினைந்து பேர்.]

ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் இதற்குப் பல காலம் முன்பே நியூயார்க்கின் 42-ஆம் தெருவில் ஒரு சோதனை செய்தார்; முடிவுகள் 1969-இல் வெளிவந்தன. அவருடைய ஆள் ஒருவர் நடைபாதையில் நின்று ஆறாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்ப்பார். ஒருவர் மட்டும் பார்த்தபோது, கடந்துபோனவர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள். பதினைந்து பேர் சேர்ந்து பார்த்தபோது 40 சதவீதம் பேர் நின்றார்கள். நிற்காமல் போகிற போக்கில் அண்ணாந்தவர்களையும் சேர்த்தால் 86 சதவீதம். ஜன்னலில் பார்க்க எதுவுமே கிடையாது! கூட்டம் இருக்கிறது என்பதே கூட்டத்துக்குப் போதுமான காரணம். வாசிக்குக்கு மில்கிராமின் வேலை நன்றாகத் தெரியும்.

அதே 2003-இல் ஷான் சாவேஜ் என்பவர் தன் வலைப்பதிவில் 'ஃபிளாஷ் மாப்' என்று எழுத, பெயர் ஒட்டிக்கொண்டது. சில மாதங்களில் பல நாடுகளுக்குப் பரவியது. அப்புறம் என்ன, விளம்பரக்காரர்கள் வந்தார்கள்.

2009 ஜனவரியில் லண்டன் லிவர்பூல் தெரு ரயில் நிலையத்தில் சுமார் 350 பேர் திடீரென்று ஆடினார்கள். பார்த்தவர்களுக்குத் திடீர். ஆடியவர்களுக்கு வாரக்கணக்கான ஒத்திகை. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் அது. மறைவில் கேமராக்கள் இருந்தன. இன்று ஃபிளாஷ் மாப் என்றாலே நடனம்தான் நினைவுக்கு வருகிறது என்றால் அதற்கு இப்படிப்பட்ட விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். நடனத்தில் எல்லோருக்கும் புரிகிற ஒரு காட்சி இருக்கிறது. கம்பளத்தைச் சுற்றி நிற்பதில் அப்படி எதுவும் இல்லை, அதுதான் அதன் அழகு.

அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, அதே நிலையத்தில் நாமும் ஆடலாம் என்று ஒருவர் ஃபேஸ்புக்கில் அழைத்தார். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அவரவர் பாட்டுக்கு மௌனமாக ஆட வேண்டும். பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். நகர இடமில்லை, நிலையத்தையே சிறிது நேரம் மூட வேண்டியதாயிற்று. விளம்பரக்காரர்களுக்கு யார் எப்போது எந்தப் பக்கம் கலைவது என்று தெரிந்திருந்தது. இவர்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

[திரை: அழைப்பு. கீழே "வருகிறேன்" என்ற பொத்தான். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.]

வாசிக்கின் மின்னஞ்சலில் ஒரு வடிகட்டி தானாகவே இருந்தது. நண்பர் நண்பருக்கு அனுப்ப வேண்டும். பொத்தானில் அது கிடையாது.

2012 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஹாரன் என்ற சிறிய ஊரில் ஒரு பெண் தன் 16-ஆவது பிறந்தநாளுக்கு ஃபேஸ்புக்கில் அழைப்பு வைத்தாள். நண்பர்களுக்கு மட்டும் என்று குறிக்க மறந்துவிட்டாள். வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இரவு கலவரமாகி, கடை சூறையாடப்பட்டு, கலவரத் தடுப்புப் போலீஸ் இறங்க வேண்டியதாயிற்று.

நேர் எதிரான கதை 2019-இல். அமெரிக்காவின் ரகசிய ராணுவத் தளமான ஏரியா 51-க்குள் எல்லோரும் சேர்ந்து ஓடி நுழைந்து, அங்கே மறைத்து வைத்திருப்பதாகச் சொல்லப்படும் வேற்றுக்கிரகவாசிகளைப் பார்ப்போம் என்று ஒருவர் ஃபேஸ்புக்கில் விளையாட்டாக எழுதினார். வருகிறோம் என்று அழுத்தியவர்கள் 20 லட்சத்துக்கு மேல். செப்டம்பர் 20 அன்று வாசல்வரை போனவர்கள் சுமார் 150 பேர். ஆக, பொத்தானை வைத்து எத்தனை பேர் வருவார்கள் என்று எந்தக் கொம்பனாலும் கணக்குப் போட முடியாது.

எல்லாம் கூடிவந்த ஒன்றும் உண்டு. 2020 ஏப்ரலில் ஜோஷ் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர், தன் முழுப்பெயரையே வைத்திருந்தவர்களைத் தேடிப்பிடித்து ஃபேஸ்புக்கில் ஒரே அரட்டைக்குள் இழுத்துப்போட்டார். ஓர் ஆண்டு கழித்து இந்த இடத்தில் சந்திப்போம், சண்டை போடுவோம், ஜெயிப்பவருக்கே பெயர் சொந்தம். தோன்றியபடி ஓர் அட்சரேகை, தீர்க்கரேகையையும் கொடுத்தார். அது நெப்ராஸ்காவில் யாருடைய நிலத்திலோ போய் விழுந்தது. ஓர் ஆண்டில் நகைச்சுவை பரவி, 2021 ஏப்ரல் 24 அன்று லிங்கன் நகரப் பூங்காவில் நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். ஆயுதம், நீச்சல் குளத்தில் மிதக்கும் நுரைக்குழாய். ஒருவரையொருவர் மொத்திக்கொண்டார்கள். கடைசியில் நான்கு வயதுக் குட்டி ஜோஷ் ஒருவனைத் தோளில் தூக்கி, காகிதக் கிரீடம் சூட்டி வெற்றியாளர் ஆக்கினார்கள். வெற்றியாளரை அறிவித்தாகிவிட்டது, இனி நிற்க என்ன இருக்கிறது? எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

சும்மா கூடுவது எல்லா இடத்திலும் சும்மா இல்லை. 2006-இல், எதிர்ப்பைப் பொறுக்காத ஆட்சி நடந்த பெலாரஸின் மின்ஸ்க் நகரில் இளைஞர்கள் அக்டோபர் சதுக்கத்தில் கூடி ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். கோஷமில்லை, பதாகையில்லை. போலீஸ் வந்து சிலரைப் பிடித்துக்கொண்டு போனது. ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்களை இழுத்துச் செல்லும் படங்கள் இணையத்தில் பரவின. 2011-இல் அதே நாட்டில் வெறுமனே கைதட்டியவர்களையும் கைது செய்தார்கள்.

[திரை: இரவு. நியூயார்க் தெரு. நியான் வெளிச்சம்.]

வாசிக்கின் கடைசிக் கூட்டத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2003 செப்டம்பர், எட்டாவது கூட்டம். இடம், மில்கிராமின் அதே 42-ஆம் தெரு. நிகழ்த்துபவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள் என்பதுதான் உத்தரவு. நிகழ்த்துபவர் ஆள் அல்ல, ஓர் ஒலிப்பதிவுப் பெட்டி. ஆனால் கூட்டத்தின் இரைச்சலில் அதன் குரல் எடுபடவில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் தன் கைப்பெட்டியைத் திறந்து ஒளிரும் பலகை ஒன்றைக் காட்டினார். இவர்தான் நிகழ்த்துபவர் என்று நினைத்துக் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வாசிக்கின் கூட்டம் வாசிக்கின் கையில் இல்லை.

அதோடு அவர் நிறுத்திக்கொண்டார். இவ்வளவையும் செய்தது தான்தான் என்று வெளியே சொன்னது 2006-இல்.