சிலைக்குப் பின்னால் யார்?

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுத்தாக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். சர்ச்சைக்குரிய ஆட்களின் சிலைகளை அகற்றலாமா என்று அண்ணாச்சி எனக்குத் தலைப்புக் கொடுத்துவிட்டார். நம்ம சீமையில் இதைப் பேசுகிறவன் பார்த்துத்தான் பேச வேண்டும். சர்ச்சைக்குரியவர் இன்னார் என்று ஒரு பெயரைச் சொன்னால் போதும், நான் இன்று ஒழுங்காக வீடு போய்ச் சேருவது சந்தேகம்.

அதனால் செத்து நூறு வருஷம் தாண்டிய இரண்டு பேரில் ஆரம்பிக்கிறேன். 1911 ஜூன் 17, மணியாச்சி ஸ்டேஷன். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், கொடைக்கானல் போவதற்காக மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். செங்கோட்டை வாஞ்சிநாதன் வந்து அவரைச் சுடுகிறார், அப்புறம் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொள்கிறார். இந்த ஒரே சம்பவத்துக்கு நம்மிடம் எத்தனை சின்னங்கள் இருக்கின்றன பாருங்கள். செத்த கலெக்டருக்குத் தூத்துக்குடியில் பணம் திரட்டிக் கட்டிய மண்டபம், இதே பாளையங்கோட்டையில் கல்லறை. சுட்டவருக்குச் செங்கோட்டையில் மணிமண்டபம், போதாததற்கு அந்த ஸ்டேஷனுக்கே அவர் பெயர். கிராசிங்குக்காக ரயில் நின்றுவிட்டால் 'வாஞ்சி மணியாச்சி' என்ற மஞ்சள் போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய விஷயம்தான் இது.

யாரை எடுப்பது? ஆஷ், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை முடக்குவதில் முனைப்பாக நின்ற அதிகாரி. சரி, வாஞ்சி? உயிரையே கொடுத்தவர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை முழுசாகப் படித்தவர்கள் இங்கே எத்தனை பேர்? சனாதன தர்மம் பேசுகிற கடிதம் அது. ஐந்தாம் ஜார்ஜைத் திட்டுவதற்கு, மாட்டு மாமிசம் தின்கிற மிலேச்சன் என்றும் பஞ்சமன் என்றும் எழுதுகிறார். ஐந்தாமவன் என்றும் படிக்கலாம், ஒடுக்கப்பட்டவர்களுக்கு அன்று வைத்திருந்த சாதிப் பெயராகவும் படிக்கலாம். லண்டனில் இருந்த ராஜாவுக்கு அது வலித்ததோ இல்லையோ, இந்த மண்ணில் அந்தப் பெயரைச் சுமந்தவனுக்கு வலித்தது. ஆஷ் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நல்லது செய்தவர் என்று இன்று உலவுகிற கதைகளை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தக் கதைகள் ஏன் பிறந்தன என்பது புரிகிறது.

என்னைக் கேட்டால் இரண்டும் இருக்கட்டும். தூத்துக்குடி மண்டபத்தில் கப்பல் கம்பெனிக் கதையை ஒரு பலகையில் எழுதி வையுங்கள். செங்கோட்டையில் அந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் வையுங்கள். வருகிற பையன் படித்துவிட்டுக் குழம்பட்டுமே, என்ன கெட்டுப்போகிறது?

அப்படியானால் எதையுமே எடுக்கக் கூடாதா என்றால், எடுக்கலாம். எடுத்தும் இருக்கிறோம், அதில் நம்ம ஊருக்குப் பங்கு உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் கர்னல் நீலுக்கு ஒரு சிலை இருந்தது. 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் சனங்களைச் சகட்டுமேனிக்குத் தூக்கில் போட்ட ஆள். 1927ல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது, முன்னால் நின்றவர் திருநெல்வேலி சோமயாஜுலு. ஆள் ஆளாக ஜெயிலுக்குப் போனார்கள். 1937ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் சிலை இறங்கி எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. பத்து வருஷம்! ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக யாரும் உடைத்துவிட்டு ஓடவில்லை, பகலில் பெயர் சொல்லிப் போராடினார்கள்.

ஆஷ் மண்டபம் இருக்கலாம், நீல் சிலை கூடாது என்றால் என்ன நியாயம் என்று கேட்பீர்கள். சிலைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். 1927ல் நீலுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு அரசாங்கமே நின்றது. தூக்கில் தொங்கியவர்களின் சனம் தினமும் அந்தக் காலடியில்தான் நடந்துபோக வேண்டியிருந்தது. ஆஷுக்குப் பின்னால் இன்று எந்த அரசாங்கமும் கிடையாது.

அப்புறம், பெயரை அழித்தால் ஆள் அழிந்துவிடுவார் என்றும் நினைக்காதீர்கள். கட்டபொம்மனை 1799ல் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள், 1801ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள். நடந்தது என்ன? 1974ல் அங்கே நினைவுக் கோட்டை எழுந்தது. அந்தச் சண்டையில் செத்த வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன, யாரும் அவற்றைத் தோண்டிப் போடவில்லை.

ஆனால் அதே கட்டபொம்மன் பெயரை நாமே 1997ல் பஸ்ஸிலிருந்து எடுத்தோம். அவருடைய தளபதி, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள், கலவரம் ஆனது. கடைசியில் அரசாங்கம் எல்லாத் தலைவர் பெயரையும் மொத்தமாக எடுத்துவிட்டது. கட்டபொம்மன் என்றிருந்த நம்ம கழகப் பெயர் போனது, மாவட்டப் பெயரும் போனது. புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்து மேடாகத் தெரிகிற பஸ்ஸில் நான் ரொம்ப நாள் போயிருக்கிறேன். ஒருத்தர் பெயரைச் சகிக்க முடியாதவர்களுக்காக எல்லார் பெயரும் போனது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நம்ம முக்குகளில் கூண்டுக்குள் நிற்கிற சிலைகளை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு பிறந்தநாள் காலையில் டீக்கடையில் நின்று பார்த்தேன். கூண்டுப் பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுக்கிறது. மாலையோடு வந்தவர்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்து தேங்காய் எண்ணெய் வாங்கிப் போய்ப் பூட்டில் விட்டார். கால் மணி நேரம் கழித்துத் திறந்தது, மாலை விழுந்தது, உடனே பூட்டிவிட்டார்கள். அந்தச் சிலைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? உடைக்க வருகிறவனும் நாம்தான், உடைத்தால் அடுத்த ஊரில் பஸ்ஸைக் கொளுத்துகிறவனும் நாம்தான். பொது ரோட்டில் புதுச் சிலைக்கு அனுமதி கூடாது என்று 2013லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருப்பவற்றைத் தலைவர்கள் பூங்கா அமைத்துக் கொண்டுபோய் வையுங்கள் என்று 2021ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எனக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது. யாருக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று பேச உட்கார்ந்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது, முடிக்கச் சொல்கிறார்கள். நான் கேடிசி நகர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கட்டபொம்மன் டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன் போய் இத்தனை வருஷம் ஆகிறது, கண்டக்டர் இன்னும் கேடிசி, கேடிசி என்றுதான் கூப்பிடுகிறார்.