யோர்டெமோடர்: மண்ணும் தாயும் சேர்ந்த ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம். போன வீடியோவில் என் கர்ப்பப் பரிசோதனை பற்றிப் பேசும்போது 'யோர்டெமோடர்' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனேன், இன்றைக்கு முழுக்க அதைப் பற்றித்தான்.

டென்மார்க்கில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கு அதுதான் பெயர். சிக்கல் இல்லாத பிரசவம் என்றால் இங்கே டாக்டர் வருவதில்லை, கடைசிவரை இவர்தான் கூட இருப்பார். 'யோர்ட்' என்றால் மண், 'மோடர்' என்றால் தாய். அர்த்தம் தெரிந்த அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, பிள்ளைப்பேற்றுக்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் பிறந்த குழந்தையைத் தரையில் கிடத்துவார்களாம், அங்கிருந்து தூக்கித் தகப்பனிடம் காட்டி, அவன் தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது அந்த வீட்டுக் குழந்தை. அப்படி மண்ணிலிருந்து தூக்கி எடுப்பவள் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பது ஒன்று. இன்னொன்று, டென்மார்க், ஐஸ்லாந்து பக்கம் அந்தக் காலத்தில் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் குழந்தைக்கு 'யோத்' என்று ஒரு சொல் உண்டு, ஐஸ்லாந்து மொழியில் பிரசவ வலிக்கு இன்றும் அதை வைத்து 'யோத்சோட்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த 'யோத்' டேனிஷ்காரர்களுக்குப் புரியாமல் போனபிறகு, காதுக்குப் பழகிய 'யோர்ட்' அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது என்கிறார்கள். எனக்கு முதல் விளக்கம்தான் பிடித்திருக்கிறது. இரண்டாவதே உண்மையாக இருந்தாலும், குழந்தையைத் தரையிலிருந்து வாரி எடுப்பதைக் கண்ணால் பார்த்த சனங்களுக்குத்தானே அந்த இடத்தில் 'மண்' என்று காதில் விழுந்திருக்கும்!

ஸ்வீடனில் 'பார்ன்மொர்ஸ்கா' என்பார்கள், 'பார்ன்' என்றால் குழந்தை, அதில் குழந்தை வெளிப்படையாகவே இருக்கிறது. ஐஸ்லாந்தில் 'ல்யோஸ்மோதிர்', அதாவது ஒளித்தாய். 2013-இல் அவர்கள் மொழியிலேயே அழகான சொல் என்று அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அழகுதான், ஆனால் என் மனசு மண்ணோடுதான் நிற்கிறது.

அப்புறம் ஒன்று. இங்கே இந்த வேலைக்கு ஆண்களும் வருகிறார்கள், அவர்களுக்கென்று தனிப் பெயர் கிடையாது. போன தடவை என்னைப் பரிசோதிக்க வந்தவர் தாடி வைத்த ஒரு இளைஞர். கை கொடுத்து, "நான்தான் உங்கள் யோர்டெமோடர்" என்றார்.