பூசாரி கொடுக்காத வரம்

தலைவர் அவர்களே, முழங்கால் வலியையும் பார்க்காமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, எனக்கு மாலை போட்டுவிட்டு மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்ட செயலாளர் தம்பி அவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பிரெஞ்சிந்தியத் தேர்தல், அதாவது பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்துப் புதுச்சேரித் தேர்தல் பற்றி மூன்று செய்திகள் சொல்கிறேன். பட்டியல் முறை, வாக்குச்சாவடி அடிதடி, கீழூர் வாக்கெடுப்பு.

1871லேயே பாரீசு நாடாளுமன்றத்தில் புதுச்சேரிக்கு ஓர் இடம் இருந்தது. பக்கத்துச் சென்னை மாகாணத்துக்கு லண்டனில் அப்படியொரு நாற்காலி கடைசிவரை கிடைக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாச்சு. பூசாரி கொடுத்தானா?

வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையைக் கேளுங்கள். 1873. மனுஷன் பூட்சும் காலுறையும் மாட்டிக்கொண்டு டக்டக் என்று நீதிமன்றத்துக்குள் வருகிறார். இந்தியன் காலில் வெள்ளைக்காரன் பூட்சா? நீதிபதிக்குப் பொறுக்கவில்லை, தடை போட்டார். வேறொருவர் என்றால் கழற்றி வாசலில் விட்டிருப்பார். இவர் வழக்கைப் பாரீசு வரைக்கும் கொண்டுபோனார். ஒரு ஜோடி பூட்சுக்காகக் கடல் தாண்டி வழக்கு! ஜெயித்தார் ஐயா, ஜெயித்தார்! (கைதட்டல்)

அதே பொன்னுத்தம்பி பின்னால் இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றார், லப்போர்த் என்று பெயரும் வைத்துக்கொண்டார். சரி, சமமாகிவிட்டாரா? 1884இல் வாக்காளரை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர் ஒன்று, மற்ற ஊர்ஜனம் ஒன்று. சில நூறு வெள்ளைக்காரருக்குத் தனிப் பட்டியல், தனி இடங்கள்! பட்டியல் முறை ஒழிய 1945 ஆயிற்று. சாமி கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்.

அடிதடிக்குப் போனால் மணி பத்தாகிவிடும். அந்தக் காலத்துத் தடிக்காரர்களின் பேரன்களும் இங்கே இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

கீழூர், நம் புதுச்சேரிக் கிராமம். 1954 அக்டோபர் 18. 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றார்கள். அந்த 170 பேர் கேட்டது என்ன? நம்மை நாமே ஆள்வதைத்தானே? இன்றைக்கு நம் புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு நாம் அனுப்புவது 30 பேர். டில்லி நியமிப்பது 3 பேர். அந்த மூவருக்கும் வாக்கு உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீதிபதி ஐயா முன்னால் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன், யூனியன் பிரதேசச் சட்டம் அப்படி. அப்படியானால் சட்டத்தையல்லவா மாற்ற வேண்டும்? மாநிலத் தகுதி கேட்டுச் சட்டமன்றம் எத்தனை தடவை தீர்மானம் போட்டாயிற்று! பூசாரி இன்னும் மணியடித்துக்கொண்டே இருக்கிறார்.

வாசல் மேசையில் மாநிலத் தகுதி கோரும் மனு இருக்கிறது. தேநீருக்கு முன்னால் கையெழுத்து. வாக்காளர் அட்டை எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள், போன முறை பாதிப் பேர் விட்டுவிட்டீர்கள்.